எஃப்.ஏ. தேறாத ஆராய்ச்சி மாணவர்

(கணித மேதை ஸ்ரீநிவாச இராமானுஜன் வாழ்க்கைச் சித்திரம்)

- மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் துறை



ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு என்ன தோன்றுகிறது? அதெல்லாம் பெரிய படிப்பு படிச்சவங்க சமாச்சாரம். எம்.எஸ்ஸி., எம்.இ. முடித்து, பிஎச்.டி.க்குப் பதிவு செய்து, கைடு பின்னாலேயே அலைந்து, கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கிறவர்கள் வேலை. டிப்ளமோ படிக்கிற நமக்கு எதுக்குப்பா என்றுதான் தோன்றுகிறது. நமக்குத் தெரிந்ததெல்லாம் கடைசி செமஸ்டரில் ஒரு புராஜெக்ட், அதற்கு ஒரு வைவா. அது முடிந்தால் இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ ஒரு கம்பெனியில் டிரெய்னி, விடியற்காலை ஷிஃப்ட் பஸ். அத்தோடு படிப்புக்கு ஒரு கும்பிடு!

ஆனால் நண்பர்களே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் கணிதத்துக்கு முதல் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர் என்ன படித்திருந்தார் தெரியுமா? மெட்ரிகுலேஷன் மட்டும்தான்! அதற்கு அடுத்த எஃப்.ஏ. பரீட்சையில் அவர் தேறவே இல்லை. துறைமுக ஆபீசில் மாதம் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா வேலை பார்த்துக் கொண்டிருந்தவர் அவர். அவர்தான் இராமானுஜன்.

அவரைப் பற்றி டாக்சி நம்பர் 1729 கதை நமக்கெல்லாம் தெரியும். நாமகிரித் தாயார் கனவில் வந்த கதையும் தெரியும். இந்தக் கட்டுரையில் சொல்லப் போவது வேறு கதை. பட்டம் இல்லாத ஒருவருக்கு ஆராய்ச்சியின் கதவு எப்படித் திறந்தது? யார் திறந்தார்கள்? உள்ளே போன பிறகு அவர் என்ன செய்தார்? இதைத்தான் பார்க்கப் போகிறோம்.

பெயரில் நம் ஊர்

இராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். அப்பா ஸ்ரீநிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார். அம்மா கோமளத்தம்மாள் கோயிலில் பஜனை பாடுவார். கும்பகோணம் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் சிறிய ஓட்டு வீடு. பணம் போதாமல் வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்க வைத்துச் சாப்பாடு போட்டுச் சமாளித்த குடும்பம்.

பிள்ளையின் ஜாதகம் மகான் இராமானுஜரின் ஜாதகத்தோடு சில விதங்களில் ஒத்திருந்ததாம். அதனால்தான் அந்தப் பெயர். அந்த இராமானுஜர் அவதரித்த ஊர் எது? நம்ம ஸ்ரீபெரும்புதூர்தான்! தினமும் ஆதிகேசவப் பெருமாள் கோயில் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே பஸ் ஏறுகிற நாம், உலகம் கொண்டாடும் கணித மேதையின் பெயர் நம் ஊரிலிருந்து போனது என்று பெருமைப்பட்டுக் கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. தாத்தா வேலை பார்த்த காஞ்சிபுரத்தில்தான் இராமானுஜன் குழந்தைப் பருவத்தில் சில காலம் பள்ளிக்கூடம் போனார்.

ஒரு புத்தகம் செய்த வேலை

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் அவர் கெட்டிக்கார மாணவர். வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களிடம் லோனி எழுதிய திரிகோணமிதிப் புத்தகத்தை வாங்கி, 13 வயதிற்குள் கரைத்துக் குடித்து விட்டார். 1903-ல் கார் என்பவர் தொகுத்த ஒரு கணிதப் புத்தகம் கைக்குக் கிடைத்தது. பரீட்சைக்குப் படிக்கிற ஆங்கில மாணவர்களுக்காகச் செய்த ஒரு வகை நோட்ஸ் அது. சுமார் 5000 சூத்திரங்கள் வரிசையாக இருக்கும். நிரூபணம் பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் ஒரு வரியில் முடிந்துவிடும்.

மற்றவர்களாக இருந்தால் மனப்பாடம் செய்திருப்பார்கள். இராமானுஜன் ஒவ்வொரு சூத்திரத்தையும் தானே நிறுவிப் பார்த்தார். ஒன்றை நிறுவும்போது பக்கத்திலேயே புதிதாக இரண்டு தோன்றும். அதையும் நோட்டில் எழுதிக்கொள்வார். காகிதம் விலை அதிகம். அதனால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றுவார். அவருடைய புகழ்பெற்ற நோட்டுப் புத்தகங்கள் இப்படித்தான் உருவாயின. முடிவு இருக்கும், வழி இருக்காது. இந்தப் பழக்கமே பின்னால் அவருக்குப் பெரிய பிரச்சினையாகவும் வந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

தோல்வி மேல் தோல்வி

1904-ல் கணிதத்துக்குப் பரிசு வாங்கிப் பள்ளியை முடித்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் எஃப்.ஏ. வகுப்பில் இடம். எஃப்.ஏ. என்றால் மெட்ரிகுலேஷனுக்குப் பிறகு இரண்டு வருடப் படிப்பு. கணக்கைத் தவிர வேறெதிலும் மனசு போகவில்லை. ஆங்கிலத்தில் பெயில், உதவித்தொகை போச்சு! சம்பளம் கட்ட வீட்டில் வசதி இல்லை. 1905 ஆகஸ்டில் யாரிடமும் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போனார்.

திரும்பி வந்து 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். மறுபடியும் எஃப்.ஏ. பரீட்சை, மறுபடியும் தோல்வி. 1907-ல் தனித்தேர்வராக எழுதினார், அப்போதும் தோல்வி. நம்மில் சிலருக்கு ஒரு அரியர் வந்தாலே வீட்டில் முகம் காட்ட முடியவில்லை. அவருக்குக் கல்லூரியே இல்லாமல் போய்விட்டது. 1909-ல் ஜானகி அம்மாளுடன் கல்யாணமும் நடந்தது. வயது 21, வேலை இல்லை, கையில் காசில்லை, பட்டமும் இல்லை. இருந்தது இரண்டு நோட்டுகள் மட்டும்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பெயிலானதால் அவர் மேதை ஆகவில்லை. பெயிலான பிறகும் தினமும் உட்கார்ந்து வேலை செய்ததால்தான் ஆனார்.

வேலை தேடி ஒரு யாத்திரை

1910-ல் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு திருக்கோவிலூர் போனார். அங்கே துணை ஆட்சியராக இருந்தவர் வி. ராமசாமி அய்யர். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் தொடங்கியவர் அவர்தான். இராமானுஜன் கேட்டது தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை. நோட்டைப் புரட்டிப் பார்த்த ராமசாமி அய்யர், இந்த ஆளை ரெவின்யூ இலாகாவில் போட்டு வீணாக்கக் கூடாது என்று நினைத்து, சென்னையிலிருந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அப்படியே கை மாறி கை மாறி, நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவிடம் வந்து சேர்ந்தார். ராவ் தன் சொந்தப் பணத்திலிருந்து மாதம் 25 ரூபாய் கொடுத்து உதவினார். 1911-ல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் இராமானுஜனின் முதல் கட்டுரை வெளிவந்தது. பெர்னௌலி எண்களைப் பற்றிய 17 பக்கக் கட்டுரை அது.

சும்மா இருந்து பிறர் பணத்தில் சாப்பிட அவர் மனம் ஒப்பவில்லை. 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னை போர்ட் டிரஸ்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். அங்கே சேர்மன் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அவர் ஒரு இன்ஜினீயர். மேலாளர் எஸ். நாராயண அய்யர் கணிதம் படித்தவர். சாயங்காலம் இருவரும் ஆளுக்கொரு சிலேட்டுடன் உட்கார்ந்து இராத்திரி வெகுநேரம் கணக்குப் போடுவார்களாம். ஆபீசில் சாமான் கட்டி வந்த காகிதத்தைக்கூட விடாமல் இராமானுஜன் அதிலும் சூத்திரம் எழுதுவார்.

நண்பர்களே, இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். அவருக்கு முதலில் உதவியவர்கள் எல்லோரும் கல்லூரிப் பேராசிரியர்கள் இல்லை. ஒரு துணை ஆட்சியர், ஒரு கலெக்டர், ஒரு துறைமுக இன்ஜினீயர், ஒரு ஆபீஸ் மேலாளர். வேலை பார்க்கிற இடத்தில் கூட நம்மை அடையாளம் காண்கிறவர்கள் இருப்பார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

கடிதம் போன கதை

சென்னை இன்ஜினீயரிங் கல்லூரியில் இருந்த கிரிஃபித், இராமானுஜனின் சில முடிவுகளை லண்டனில் இருந்த பேராசிரியர் ஹில்லுக்கு அனுப்பினார். இந்த இளைஞருக்குத் திறமை இருக்கிறது, ஆனால் முடிவில்லாத் தொடர்களைக் கையாள்வதில் வழுக்கி விழுகிறார் என்கிற பொருளில் பதில் வந்தது. இன்னும் இரண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்கு இராமானுஜன் எழுதிப் பார்த்தார், பயனில்லை.

1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்கு எழுதினார். கூடவே தேற்றங்கள் எழுதிய பக்கங்கள். ஹார்டிக்கு முதலில் இது ஏதோ மோசடியோ என்று சந்தேகம். இராத்திரி நண்பர் லிட்டில்வுட்டுடன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சில ஏற்கெனவே தெரிந்தவை. சில தவறு, முக்கியமாகப் பகா எண்களைப் பற்றி இராமானுஜன் எழுதியது சரியில்லை. ஆனால் சில முடிவுகள் இருவரும் கண்டிராதவை. கற்பனை செய்துகூட இப்படி எழுத முடியாது, இது உண்மையான மேதையின் வேலைதான் என்று ஹார்டி முடிவுக்கு வந்தார். பிப்ரவரி 8-ஆம் தேதி பதில் எழுதினார். அதில் பாராட்டும் இருந்தது. நிரூபணம் எங்கே என்ற கேள்வியும் இருந்தது.

விதி பெரிதா, ஆராய்ச்சி பெரிதா?

அதே பிப்ரவரி 25-ல் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். ஸ்பிரிங் அவரிடம் இராமானுஜனின் நோட்டைக் காட்டினார். மறுநாளே வாக்கர், இந்தக் குமாஸ்தாவைச் சில வருடங்களுக்குச் சோற்றுக் கவலை இல்லாமல் ஆராய்ச்சி செய்ய விடுங்கள் என்று கேட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார்.

மார்ச் 19-ல் கணிதப் பாடக்குழு கூடியது. மாதம் 75 ரூபாய் வீதம் இரண்டு வருடத்துக்கு ஆராய்ச்சி உதவித்தொகை என்று பரிந்துரை செய்தது. ஆனால் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. எம்.ஏ. பட்டம் உள்ளவருக்குத்தான் ஆராய்ச்சி உதவித்தொகை என்பது விதி. இவரோ எஃப்.ஏ.கூட இல்லை! ஏப்ரல் 7-ல் சிண்டிகேட் கூட்டத்தில் ஆட்சேபணை வந்தது. அப்போது துணைவேந்தர் நீதிபதி பி.ஆர். சுந்தரமய்யர் பல்கலைக்கழகச் சட்டத்தின் முகவுரையைக் காட்டினார். ஆராய்ச்சியை வளர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் நோக்கம் என்று அதில் இருக்கிறதே, அந்த நோக்கத்துக்கு விதி தடையாக இருக்கலாமா என்பது அவருடைய வாதம். சிண்டிகேட் ஒப்புக்கொண்டது.

1913 மே 1-ஆம் தேதி இராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ஆனார். வகுப்புக்குப் போக வேண்டாம், பரீட்சை எழுத வேண்டாம். ஒரே ஒரு கடமை: மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேலையின் முன்னேற்றத்தை எழுத்தில் அறிக்கையாகத் தர வேண்டும். பல்கலைக்கழக நூலகக் கதவும் திறந்தது. குடும்பத்தோடு திருவல்லிக்கேணியில் வாசம்.

ஆகஸ்ட் 5, நவம்பர் 7, 1914 மார்ச் 9 என்று மூன்று அறிக்கைகள் கொடுத்தார். தொகைக் கணிதத்தில் சிக்கலான தொகையீடுகளுக்கு விடை காண ஒரு பொது முறையை அவற்றில் விளக்கினார். இன்று அதற்கு இராமானுஜன் மாஸ்டர் தேற்றம் என்று பெயர். எந்த நிபந்தனைகளில் அது செல்லும் என்பதைப் பிற்காலத்தில் ஹார்டிதான் கறாராக வரையறுத்தார். நம்முடைய புராஜெக்ட் ரிவ்யூவை ஏதோ தொல்லை என்று நினைத்து, கடைசி நாள் ராத்திரி ரெக்கார்டு எழுதுகிறோமே, அதே மாதிரி ஒரு ரிவ்யூவுக்காக எழுதிய அறிக்கைகள்தான் இவை!

கைடும் மாணவரும்

1914 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்து நெவில் என்ற இளம் ஆசிரியர் சென்னைக்குச் சொற்பொழிவு ஆற்ற வந்தார். இராமானுஜனை இங்கிலாந்துக்கு அழைத்து வருவதும் அவருக்கு ஹார்டி கொடுத்த வேலை. கடல் கடந்து போவது அந்தக் காலத்தில் ஆசாரத்துக்கு விரோதம். ஆனாலும் வீட்டில் கடைசியில் சம்மதம் கிடைத்தது. பல்கலைக்கழகம் ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை தந்தது. மார்ச் 17-ல் நெவாசா என்ற கப்பலில் புறப்பட்டு, ஏப்ரல் 14-ல் லண்டன் போய்ச் சேர்ந்தார்.

கேம்பிரிட்ஜிலும் தகுதிச் சிக்கல்தான். அங்கேயும் விலக்குக் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். ஹார்டிக்கு இப்போது ஒரு தர்மசங்கடம். இந்த மாணவர் உலகத்தில் யாருக்கும் தெரியாததைக் கண்டுபிடிக்கிறார். ஆனால் ஒரு சாதாரண பி.ஏ. மாணவனுக்குத் தெரிந்த சில விஷயங்கள் தெரியாது. நிரூபணம் என்றால் என்ன என்பதிலேயே தெளிவு குறைவு. எல்லாவற்றையும் முதலிலிருந்து பாடமாக நடத்தினால் அவருடைய வேகமும் ஊக்கமும் கெட்டுவிடும். நடத்தாமல் விட்டால் தவறான முடிவுகளும் சரியானவற்றோடு கலந்தே வரும். இரண்டுக்கும் நடுவில் ஹார்டி நடந்தார். தேவைப்பட்டதை மட்டும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிக் கொடுத்தார். தினமும் இராமானுஜன் புதுப்புது முடிவுகளைக் கொண்டு வந்து காட்டுவார். இது எப்படி வந்தது என்று ஹார்டி கேட்டுக்கொண்டே இருப்பார். ஹார்டியின் கண்டிப்பில் இராமானுஜன் கறாராக நிறுவக் கற்றார். இராமானுஜனின் உள்ளுணர்விலிருந்து தான் கற்றதே அதிகம் என்று ஹார்டி பிற்காலத்தில் மனம் விட்டு ஒப்புக்கொண்டார். நல்ல கைடுக்கு இலக்கணம் அதுதானே!

ஒரு நாள் ஆர்தர் பெர்ரி என்ற ஆசிரியரின் வகுப்பு. கரும்பலகையில் அவர் ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார். இராமானுஜன் முகத்தில் உற்சாகம். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று ஆசிரியர் கேட்டார். இராமானுஜன் எழுந்து போய், ஆசிரியர் இன்னும் நிறுவாத முடிவுகளையே பலகையில் எழுதினாராம். அதைத் தவறாக எடுத்துக்கொள்ளாத ஆசிரியரையும் பாராட்ட வேண்டும்.

பட்டம் வந்தது

1915-ல் அவர் வெளியிட்ட பெரிய கட்டுரை, அதிக வகுஎண்கள் உள்ள எண்களைப் பற்றியது. கேட்கப் பயமாக இருக்கும், விஷயம் எளிது. 24 என்ற எண்ணை 1, 2, 3, 4, 6, 8, 12, 24 என்று எட்டு எண்கள் மீதியில்லாமல் வகுக்கும். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை வகுஎண்கள் கிடையாது. 60-ம் அப்படியே, 360-ம் அப்படியே. ஒரு மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 டிகிரி என்று வைத்தால் பங்கு போடச் சௌகரியம். நம்ம மில்லிங் மெஷின் டிவைடிங் ஹெட்டில் நேரடி இண்டெக்சிங் தட்டுக்கு 24 துளை இருப்பதும் அதே சௌகரியத்துக்குத்தான்! இப்படிப்பட்ட எண்கள் எந்த ஒழுங்கில் வருகின்றன என்று ஆராய்ந்ததற்காக, 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு ஆராய்ச்சியின் மூலம் பி.ஏ. பட்டம் அளித்தது. அங்கே பிஎச்.டி. அப்போது இன்னும் வரவில்லை, இன்றைய பிஎச்.டி.க்கு நிகராக அந்தப் பட்டத்தைச் சொல்வார்கள். எஃப்.ஏ. தேறாதவர் பி.ஏ. ஆனார், பரீட்சை எழுதாமல்!

ஹார்டியும் அவரும் சேர்ந்து செய்த பெரிய வேலை, எண் பிரிவினை. 4 என்ற எண்ணை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதமாகக் கூட்டி எழுதலாம். 10-ஐ 42 விதமாக எழுதலாம். 100-ஐ? 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 விதம்! 200-க்கு 3 லட்சத்து 97 ஆயிரத்து 299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388. மேக்மேகன் என்பவர் 200 வரை கையால் கணக்கிட்டு அட்டவணை போட்டார். இராமானுஜனும் ஹார்டியும் 1918-ல் வெளியிட்ட சூத்திரம் அந்த விடையை அப்படியே கொடுத்தது. தனியாக ஹார்டியால் முடிந்திருக்காது. தனியாக இராமானுஜனாலும் முடிந்திருக்காது.

புகழும் நோயும்

அது முதல் உலகப் போர்க்காலம். சைவச் சாப்பாட்டுக்கு வேண்டிய சாமான் கிடைப்பது கஷ்டம். தன் அறையில் தானே சமைத்து, நேரம் கெட்ட நேரத்தில் சாப்பிட்டு, குளிரில் தூங்காமல் வேலை செய்தார். 1917-ல் படுக்கையில் விழுந்தார். ஆஸ்பத்திரி மாற்றி ஆஸ்பத்திரி. ஹார்டி அருமையான கைடுதான். ஆனால் இருவரும் பேசியதெல்லாம் கணிதம். சின்ன வயதில் என்ன படித்தீர்கள், எப்படி இதெல்லாம் தோன்றியது என்று கேட்டிருக்கலாமே, கேட்காமல் விட்டேனே என்று ஹார்டியே பின்னால் வருந்தினார்.

1918-ல் இராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. இந்தியர்களில் அவர் இரண்டாவது. முதலாமவர் பம்பாயைச் சேர்ந்த கப்பல் கட்டும் இன்ஜினீயர் அர்தசீர் கர்செட்ஜி. அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ ஆனார். அந்தப் பதவி பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

சென்னைப் பல்கலைக்கழகமும் ஆண்டுக்கு 250 பவுன் தருவதாக அறிவித்தது. 1919 ஜனவரியில் உடம்பு முடியாத நிலையிலும் இராமானுஜன் அதற்குப் பதில் எழுதினார். என்ன கேட்டார் தெரியுமா? இந்தப் பணம் என் தேவைக்கு அதிகம். ஆண்டுக்கு 50 பவுன் பெற்றோருக்குக் கொடுங்கள். என் அவசியச் செலவு போக மீதியை ஏழை, அநாதைப் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் செலவிடுங்கள் என்று கேட்டார். சம்பளம் கட்ட முடியாமல் கல்லூரியை இழந்தவர் அல்லவா? மறக்கவில்லை!

மார்ச்சில் தாயகம் திரும்பினார். உடல் தேறவில்லை. படுக்கையிலும் சிலேட்டு விடவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில், போலித் தீட்டா சார்புகள் என்று முற்றிலும் புதிய ஒன்றை அறிவித்தார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது 32.

அவர் போன பிறகு

அவருடைய கடைசிக் காலத்துத் தாள்கள் கேம்பிரிட்ஜ் நூலகத்தில் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. 1976-ல் அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். 1914-ல் பை மதிப்புக்கு அவர் எழுதிய ஒரு தொடரை வைத்து 1985-ல் பில் காஸ்பர் கம்ப்யூட்டரில் ஒரு கோடியே 75 லட்சம் இலக்கங்கள் வரை கணக்கிட்டார். இந்திய அரசு அவர் பிறந்த டிசம்பர் 22-ஐ 2012 முதல் தேசியக் கணித தினமாகக் கொண்டாடுகிறது.

அந்த மாதம் 75 ரூபாய் தொடங்கி வைத்த பாரம்பரியமும் நிற்கவில்லை. கேம்பிரிட்ஜில் இராமானுஜன் காலத்தில் ஹார்டியிடம் பயின்ற கே. ஆனந்த ராவ், திரும்பி வந்து சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார், எஸ்.எஸ். பிள்ளை, டி. விஜயராகவன் போன்றவர்களை ஆராய்ச்சியாளர்களாக வளர்த்தார். 1950-ல் அழகப்பச் செட்டியார் சென்னையில் இராமானுஜன் பெயரில் கணித ஆராய்ச்சி நிலையம் நிறுவியபோது, அதன் முதல் இயக்குநர் விஜயராகவன்தான்.

நமக்கு என்ன?

நண்பர்களே! நாம் எல்லோரும் இராமானுஜன் ஆகப் போவதில்லை. அதற்காக அவர் வாழ்க்கை நமக்கு உதவாது என்று அர்த்தமில்லை. செய்த வேலையை அவர் நோட்டில் எழுதி வைத்தார். எழுதியதைக் கூச்சப்படாமல் தெரிந்தவர்களிடம் காட்டினார். தவறு என்று சொன்னபோது கோபித்துக்கொள்ளாமல் திருத்திக்கொண்டார். இந்த மூன்றும் நம்மாலும் முடியும். புராஜெக்ட்டை வெளியே காசு கொடுத்து வாங்காமல் நாமே செய்து, கைடு கேட்கிற கேள்விக்குப் பதில் தேடினால் அதுவே ஆராய்ச்சியின் முதல் படி. டிப்ளமோவோடு கதவு மூடவில்லை; பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், அதற்கு மேலும் போகலாம். வேலைக்குப் போனாலும் மெஷின் முன்னால் நின்று ஏன், எப்படி என்று கேட்கிறவன் ஆராய்ச்சி மாணவன்தான்.

நாளை நம்மில் யாராவது சூப்பர்வைசராகவோ, ஆசிரியராகவோ, அதிகாரியாகவோ ஆகலாம். அப்போது பட்டமில்லாத ஒரு பையன் கசங்கின நோட்டோடு வந்து நின்றால், சர்டிபிகேட்டைக் கேட்பதற்கு முன் நோட்டைப் புரட்டிப் பார்ப்போம். ராமசாமி அய்யர் அன்று திருக்கோவிலூரில் அதைத்தான் செய்தார்.

வாழ்க இராமானுஜன் புகழ்! வளர்க நம் முயற்சி!